சாவியை அணைத்தும் ஓடும் டீசல் இன்ஜின்

பெட்ரோல் வண்டியில் சாவியை அணைத்தால் பிளக்கில் பொறி நின்றுவிடும், அதோடு இன்ஜினும் நின்றுவிடும். டீசலில் அந்தப் பொறியே கிடையாது. காற்றை 16 முதல் 22 மடங்கு வரை நெருக்கும்போது கிளம்பும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. டீசலை அளந்து அடிக்கும் பம்ப் மெக்கானிக்கலாக உள்ள டிராக்டர், ஜெனரேட்டர், பழைய வேன் எதுவாக இருந்தாலும், ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் டீசல் எரிவதற்குக் கரண்ட் தேவையில்லை. அதை நிறுத்த வழி இரண்டுதான்: டீசலை நிறுத்த வேண்டும், அல்லது காற்றை நிறுத்த வேண்டும். சாவி, இழுக்கும் நாப், ஜெனரேட்டர் பேனலில் இருக்கும் சிவப்புப் பொத்தான் எல்லாமே டீசலை நிறுத்துவதற்கான ஏற்பாடுகள்தாம்.

அதனால் அணையாத இன்ஜினுக்கு முன்னால் நிற்கும்போது ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். இது எதைக் குடித்து ஓடுகிறது? ஐடிலில் ஒழுங்காக ஓடுகிறது, ஆக்ஸிலரேட்டருக்குக் கட்டுப்படுகிறது, அணைய மட்டும் மறுக்கிறது என்றால் பம்ப் வழியாக வரும் டீசலில்தான் ஓடுகிறது. பதற வேண்டியதில்லை, நிதானமாகத் தேடலாம். ஆக்ஸிலரேட்டரில் யாரும் கை வைக்காமலேயே வேகம் ஏறிக்கொண்டே போகிறது, சைலன்சரில் நீலமாகவோ வெள்ளையாகவோ புகை மண்டுகிறது என்றால் அது ஆயிலைக் குடிக்கிறது. அங்கே கையில் இருப்பது சில நொடிகள். இதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

இன்னொன்று. அணையாத இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் அதனால் நிற்காது. ஓடிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டரில் பேட்டரி இணைப்பு திடீரென அறுந்தால் வோல்டேஜ் எகிறி டயோடுகள் போய்விடும். கரண்ட் கொடுத்தால்தான் அணையும் வகை சோலனாய்டாக (கரண்ட் வந்தால் காந்தமாகி ஒரு தண்டை இழுக்கும் சுருள்) இருந்தால், இருந்த ஒரு வழியையும் நீங்களே அடைத்ததாகிவிடும்.

பம்ப் லிவரைக் கையால் தள்ளிப் பாருங்கள்

இன்லைன் பம்ப் (சிலிண்டருக்கு ஒரு எலிமெண்ட் என்று வரிசையாக உள்ளது), ரோட்டரி பம்ப் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே சுழலும் தலை) பலவற்றிலும் வெளியே இரண்டு லிவர் தெரியும். ஒன்று ஆக்ஸிலரேட்டர் லிவர், மற்றது ஸ்டாப் லிவர். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது, ஃபேன் பெல்ட் பக்கம் கை போகாமல், ஸ்டாப் லிவரை அதன் கடைசி எல்லை வரை தள்ளிப் பிடியுங்கள். கோளாறை இரண்டாகப் பிரிக்கும் சோதனை இதுதான். இன்ஜின் நின்றுவிட்டால் பம்ப் நன்றாக இருக்கிறது, கேபிளோ சோலனாய்டோ லிவரை முழுதாக நகர்த்தவில்லை. லிவர் கடைசி வரை போயும் நிற்கவில்லை என்றால் கோளாறு பம்புக்குள்ளே. இந்த ஒரு தள்ளலைச் செய்யாமல் நேரே பம்பைக் கழற்றி காலிபரேஷனுக்கு (பம்ப் கொடுக்கும் டீசல் அளவைச் சரிபார்க்க) கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். பல நேரம் கேபிள் கிளாம்ப் ஸ்க்ரூவை ஒரு சுற்று இறுக்கினால் தீரும் வேலையாக அது இருக்கும்.

லிவர் கைக்கு எட்டாத இன்ஜினிலும், தள்ளியும் நிற்காத இன்ஜினிலும், டேங்க் அடியில் இருக்கும் டீசல் வால்வை (காக்) மூடுவது அடுத்த வழி. ஃபில்டரிலும் பைப்பிலும் இருக்கும் டீசல் தீரும் வரை சில நிமிடங்கள் ஓடித்தான் நிற்கும். பிறகு பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றினால்தான் (ஏர் எடுப்பது) மறுபடி ஸ்டார்ட் ஆகும். ஃபில்டர் மேலே உள்ள பிளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்போது அடித்துக்கொண்டே இறுக்க வேண்டும். அடுத்து பம்பின் ஸ்க்ரூ. கடைசியாக நாசிலுக்கு (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிப்பது) போகும் பைப் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்க வேண்டும்.

அவசரத்துக்கு, ஓடும் இன்ஜினில் நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்தியும் நிறுத்தலாம். பழைய மெக்கானிக்கல் பம்புக்கு மட்டும்தான் இது பொருந்தும், அதுவும் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையை ஓரமாக வைத்துக்கொண்டு. அந்தப் பைப்பிலேயே 200 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கிறது, பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் போனால் வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. ஆனாலும் அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் காமன் ரெயில் இன்ஜினில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். ஓடும்போது அங்கே எந்த நட்டையும் தொடக் கூடாது.

கேபிள்

ஸ்டாப் நாபை ஒருவர் முழுக்க இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் பம்ப் அருகில் நின்று லிவரைப் பார்க்க வேண்டும். நாப் முழுதாக வெளியே வந்த பிறகும் லிவரை விரலால் இன்னும் 5 மில்லிமீட்டர் நகர்த்த முடிகிறது என்றால் அந்த 5 மில்லிமீட்டர்தான் கோளாறு. காரணம் பெரும்பாலும் உள் கம்பி கிளாம்பில் நழுவியிருப்பது. சில நேரம் மேல் உறையைப் பிடிக்கும் கிளிப் விட்டுப்போய், நாபை இழுக்கும்போது கம்பிக்குப் பதில் உறையே வளைந்துகொடுக்கும். இதைப் பார்த்தாலே தெரியும்: இழுக்கும் ஒவ்வொரு தடவையும் கேபிள் வில்லாக வளையும்.

சரிசெய்யும்போது நாபை முழுதாக உள்ளே தள்ளி, லிவரை ஓடும் நிலையில் விட்டு, கம்பியில் 2 முதல் 3 மில்லிமீட்டர் தொய்வு வைத்து கிளாம்பை இறுக்குங்கள். தொய்வே இல்லாமல் விறைப்பாகக் கட்டினால் இன்ஜின் உடனே அணையும், ஆனால் லிவர் எப்போதும் பாதி மூடிய நிலையில் நிற்கும். காலையில் ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் செய்யும், உழும்போது இழுவை இருக்காது. அதை நாசில் கோளாறு என்று நினைத்து செலவு செய்வார்கள். கேபிள் சைலன்சர் மேனிஃபோல்டை ஒட்டிப் போனால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகி கம்பியைக் கவ்விக்கொள்ளும். அந்தக் கேபிளுக்கு ஆயில் விட்டுப் பயனில்லை. மாற்றிவிட்டு, புதியதைச் சூடு படாத வழியில் கொண்டுபோக வேண்டும்.

சோலனாய்டு

சாவியாலேயே அணையும் இன்ஜின்களில் சோலனாய்டு இரண்டு வகை. கரண்ட் இருக்கும் வரை ஓடவிடுவது ஒன்று, கரண்ட் வந்தால் அணைப்பது மற்றது. உங்களுடையது எது என்று தெரியாமல் தேடினால் தலைகீழாகத்தான் போவீர்கள். கண்டுபிடிப்பது எளிது. நின்றிருக்கும் இன்ஜினில் சோலனாய்டு மேல் விரலை வைத்துக்கொண்டு இன்னொருவரைச் சாவியை ஆன் செய்யச் சொல்லுங்கள். ஆன் செய்ததும் விரலுக்கு "டிக்" என்று அடித்தால் முதல் வகை. அணைக்கும்போதோ ஸ்டாப் பொத்தானை அழுத்தும்போதோ மட்டும் அடித்தால் இரண்டாம் வகை.

முதல் வகை ரோட்டரி வி.இ. பம்புகளில் சாதாரணம். பம்ப் தலைப்பகுதியில் திருகி வைத்த, ஒற்றை ஒயர் போகும் உருளை அது. அணையாதபோது அந்த ஒயரைக் கழற்றுங்கள், பாடியில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நின்றால் எங்கிருந்தோ கரண்ட் வந்துகொண்டிருக்கிறது. நிற்காவிட்டால் உள்ளே டீசல் வழியை அடைக்கும் சின்னத் தண்டான பிளஞ்சர் மூடவில்லை.

கரண்ட் வருகிறது என்றால் சாவியை அணைத்து, இன்ஜின் ஓடும்போதே அந்த ஒயரில் வோல்டேஜ் பாருங்கள். முழு 12 வோல்ட் இருந்தால் சாவி ஸ்விட்சின் உள் தகடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ரிலே பாயிண்ட் பற்றவைத்ததுபோல் ஒட்டியிருக்கிறது. ரிலேயை உருவினால் எது என்று தெரிந்துவிடும். 4, 6, 8 என்று அரைகுறையாகக் காட்டினால் அது பின்வழியாக வரும் கரண்ட். சார்ஜிங் விளக்கு வழியாக வருவது அதிகம். சாவியை அணைத்த பிறகும் ஆல்டர்னேட்டர் சுற்றிக்கொண்டிருப்பதால், அதன் டி பிளஸ் முனையிலிருந்து விளக்கு வழியாகச் சாவி லைனுக்கு கரண்ட் திரும்புகிறது. சோலனாய்டைப் புதிதாக இழுக்கத்தான் 12 வோல்ட் வேண்டும். இழுத்ததைப் பிடித்து வைக்க அதைவிடக் குறைவே போதும். சார்ஜிங் விளக்கு லைனில் ஒரு டயோடு போட்டால் தீர்ந்தது. கோடு போட்ட முனை ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் விளக்கும் எரியாது, சார்ஜும் ஏறாமல் போகலாம். புதிதாக ஸ்டீரியோ, ஹாரன், விளக்கு என்று எதையாவது சாவி லைனில் கட்டிய மறுநாள் இந்தக் கோளாறு தொடங்கியிருந்தால், முதலில் அந்த வேலையைப் பிரித்துப் பாருங்கள்.

ஒயரைக் கழற்றியும் நிற்காத வி.இ. பம்பில் சோலனாய்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள அழுக்கை டீசலும் பிரஷும் கொண்டு முழுதாகக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தால் சோலனாய்டு செலவு பம்ப் செலவாகிவிடும். பெரும்பாலும் 24 ஸ்பேனர் பிடிக்கும். வெளியே எடுக்கும்போது ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் நழுவி விழும், கீழே கையை ஏந்திக்கொள்ளுங்கள். பிளஞ்சர் நுனியில் சின்ன ரப்பர் முகம் இருக்கும். டீசலை அடைப்பது அதுதான். நகத்தால் தொட்டால் வழுவழுப்பாக இருக்க வேண்டும். வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தாலோ ஓரம் பிய்ந்திருந்தாலோ மூடியும் டீசல் கசியும், இன்ஜின் அணைந்தும் அணையாமல் திணறி ஓடும். பிளஞ்சரே இல்லாமலும் இருக்கலாம். நடுவழியில் நின்ற வண்டியைக் கிளப்ப யாரோ பிளஞ்சரை எடுத்துவிட்டு காலி சோலனாய்டை மாட்டி அனுப்பியிருப்பார்கள். வண்டி ஓடும், அணைக்க வழி இருக்காது. வண்டி வாங்கியவருக்கு விஷயம் தெரியாது. திரும்ப மாட்டும்போது புது ஓ-ரிங் போட்டு அளவாக இறுக்குங்கள்.

இரண்டாம் வகையில், அதாவது கரண்ட் வந்தால் அணைப்பதில், பேட்டரி இறங்கினாலும் ஃபியூஸ் போனாலும் இன்ஜின் அணையாது. ஜெனரேட்டரில் இது அடிக்கடி வரும். கண்ட்ரோலர் "ஃபெயில் டு ஸ்டாப்" என்று காட்டும். இங்கே மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். பச்சை பூத்த எர்த் இணைப்பிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், சோலனாய்டு இழுக்காது. சோலனாய்டுக்குப் போகும் இரண்டு ஒயருக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பைக் கட்டிப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் ஒயரிங் சரி, மங்கினால் எர்த்திலோ இணைப்பிலோ கோளாறு. கரண்ட் சரியாக வந்தும் நிற்கவில்லை என்றால், சோலனாய்டுக்கும் லிவருக்கும் இடையிலான கம்பி லிவரைக் கடைசி வரை தள்ளுகிறதா என்று பாருங்கள். அதிர்வில் அந்தக் கம்பியின் லாக் நட் தளர்வது சகஜம்.

பழைய மெர்சிடிஸ் டபிள்யூ 123 டீசலில் இந்த வேலையைச் செய்வது கரண்ட் அல்ல, வேக்குவம் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் இழுவிசை). சாவியை அணைத்தால் அந்த வேக்குவம் டீசல் பம்பை எட்டி, அதை நிறுத்தும். அதே வேக்குவத்தில்தான் கதவு பூட்டுகளும் வேலை செய்கின்றன. ஒரு கதவின் டயாஃப்ரம் கிழிந்தால்கூட இன்ஜின் அணைய மறுக்கும். பானெட்டைத் திறந்து ஸ்டாப் என்று எழுதிய லிவரை அழுத்தி நிறுத்திவிட்டு, கசிவைத் தேட வேண்டும்.

லிவர் போகிறது, இன்ஜின் நிற்கவில்லை

இன்லைன் பம்பில் ஸ்டாப் லிவர் உள்ளே இருக்கும் ராக்கை (எல்லா எலிமெண்டின் டீசல் அளவையும் மாற்றும் பல் வைத்த கம்பி) பூஜ்யத்துக்கு இழுக்கிறது. தண்ணீர் கலந்த டீசலோடு மாதக்கணக்கில் நின்ற இன்ஜினில் எலிமெண்ட் (டீசலை அழுத்தும் குட்டி பிஸ்டன்) துருப்பிடித்து ராக்கைக் கவ்விக்கொள்ளும். ஓடும்போது கவ்வினால் அணையாது. நின்றிருக்கும்போது கவ்வியிருந்தால் இன்னும் விபரீதம். ஸ்டார்ட்டிங்குக்கான கூடுதல் டீசல் நிலையிலேயே ராக் நிற்கும், இன்ஜின் பிடித்ததும் கருப்புப் புகையோடு எல்லை மீறி ஏறும். அதனால் நாள்பட நின்ற இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்டாப் லிவரை நான்கைந்து முறை தள்ளி விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தானாகவே படக்கென்று திரும்ப வேண்டும். மெதுவாக ஊர்ந்து திரும்பினாலோ நடுவில் நின்றாலோ ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

அணைத்த பிறகு இன்ஜின் ஒரே சிலிண்டரில் "டப்... டப்..." என்று இழுத்துக்கொண்டு ஓடுகிறதா? ராக் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது, ஒரு எலிமெண்ட் மட்டும் வரவில்லை. அந்த எலிமெண்டின் பல் வளையத்தைப் பிடிக்கும் ஸ்க்ரூ தளர்ந்து நழுவியிருக்கும். ஸ்டாப் நிலையில் நாசில் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினால் எந்த சிலிண்டர் என்று தெரியும். ஆனால் சரிசெய்யும் இடம் காலிபரேஷன் பெஞ்ச் உள்ள பட்டறைதான். எல்லா எலிமெண்டும் ஒரே அளவு டீசல் கொடுக்கிறதா என்று அளந்துதான் வைக்க முடியும்.

டி.பி.ஏ. வகை ரோட்டரி பம்பில் ராக் கிடையாது. ஸ்டாப் லிவர் உள்ளே மீட்டரிங் வால்வைத் திருப்பி டீசலை மூடுகிறது. அந்த வால்வு பென்சில் தடிமன்கூட இல்லாத ஒரு கம்பி. பழைய டீசலின் பிசின் படிந்தால் அதன் துளையிலேயே சிக்கிக்கொள்ளும். இதுவும் டீசல் பம்ப் சர்வீஸ் செய்கிறவர் வேலை. அதோடு டேங்கைக் கழுவி, வாட்டர் செப்பரேட்டரை வடித்து, ஃபில்டரை மாற்றாவிட்டால் மறுபடி சிக்கும்.

சிறிய ஒற்றை சிலிண்டர் பம்ப்செட்டில் பலர் டிகம்ப்ரஷன் லிவரை (வால்வைத் திறந்து வைத்து அழுத்தத்தை விடுவிப்பது) தூக்கி அணைப்பார்கள். அது கையால் சுற்றி ஸ்டார்ட் செய்வதற்காக வைத்தது. தினமும் அதிலேயே நிறுத்தினால் எரியாத டீசல் உள்ளே சேரும், வால்வும் அடிபடும்.

ஆயிலைக் குடித்து ஓடும் இன்ஜின்

இங்கே சாவி, கேபிள், டீசல் காக் எதுவும் உதவாது. வேகம் ஏற ஏற இன்னும் ஆயிலை உறிஞ்சும், ஆயில் கூடக்கூட வேகம் ஏறும். ஆயில் தீரும் வரையிலோ கனெக்டிங் ராடு உடையும் வரையிலோ ஓடும். காற்றை அடைப்பதுதான் முதல் வழி.

ஏர் இன்டேக் வாயைவிடப் பெரிய பலகை அல்லது தடித்த தகடு கொண்டு அடையுங்கள். உள்ளங்கையால் ஒருபோதும் வேண்டாம், அந்த உறிஞ்சலில் கை மாட்டிக்கொள்ளும். மெல்லிய துணியும் வேண்டாம், உள்ளே போய்விடும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருந்தால் இன்டேக்குக்குள் நேராக அடிக்கலாம். கிளட்ச் உள்ள டிராக்டர், லாரியாக இருந்து நீங்கள் இருக்கையில் இருந்தால்: எதிரே யாரும் இல்லை என்று பார்த்து, டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுபலத்தோடு மிதித்து, கிளட்சைச் சட்டென விடுங்கள். இன்ஜின் திணறி நிற்கும். டிராக்டரில் இரண்டு பிரேக் பெடலும் கொக்கியால் பிணைத்திருக்க வேண்டும், பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) கழன்றிருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் இது பலிக்காது. இன்ஜினின் பக்கவாட்டில் நிற்காதீர்கள், உடையும் ராடு பிளாக்கைப் பிளந்துகொண்டு அந்தப் பக்கம்தான் வரும். இரண்டு வழியும் கைகூடவில்லை என்றால் ஆட்களோடு விலகிவிடுங்கள். இன்ஜின் போனால் இன்னொன்று வாங்கலாம்.

வெளியிலிருந்து வரும் எரிவாயுவாலும் இதே நிலை வரும். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கசிந்த ஆவியை, ஐடிலில் நின்ற ஒரு டீசல் பிக்கப் உறிஞ்சி எகிறியது. அதிலிருந்து தீப்பற்றியிருக்கலாம் என்பதே விசாரணையில் தெரிந்தது. 15 பேர் இறந்தார்கள். எரிவாயு கசியக்கூடிய இடங்களில் வேலை செய்யும் டீசல் இன்ஜின்களுக்குக் காற்றை மூடும் தனி வால்வு வைப்பது இதற்காகத்தான்.

ஆயில் எப்படி உள்ளே போகிறது? ஆயில் பாத் ஏர் கிளீனர் உள்ள டிராக்டரில் முதலில் அதன் ஆயில் கிண்ணத்தைப் பாருங்கள். உள்ளே அளவுக்கோடு இருக்கும், அதற்கு மேல் ஊற்றினால் இன்ஜின் அதை உறிஞ்சும். "கொஞ்சம் கூட இருந்தால் தூசி நன்றாக ஒட்டும்" என்று நினைத்து ஊற்றுவதால் வருவது இது. டர்போ உள்ளதில் சீல் போயிருக்கும், அல்லது டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் பைப் நெளிந்தோ கேஸ்கெட் பசையால் அடைத்தோ இருக்கும். பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினில் பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் புகையை வெளியேற்றும் குழாய்) வழியாக ஆயில் ஆவி இன்டேக்குக்குப் போகும். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வருவது அதன் அடையாளம்.

நான்காவது காரணத்தை டிப்ஸ்டிக் சொல்லும். ஊற்றாமலேயே ஆயில் அளவு ஏறியிருந்தால் டீசல் கலக்கிறது. ஒரு சொட்டைச் செய்தித்தாளில் விட்டு அரைமணி நேரம் கழித்துப் பாருங்கள், கருப்புப் பொட்டைச் சுற்றி வெளிறிய ஈர வளையம் அகலமாகப் பரவியிருக்கும். ஃபீட் பம்ப் டயாஃப்ரம் கிழிந்தாலும், பம்ப் டிரைவ் ஷாஃப்ட் சீல் போனாலும் டீசல் சம்புக்குள் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்கும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 (புகை மாசு விதி) டீசல் வண்டிகளில், புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரைச் சுத்தம் செய்யக் கூடுதலாகத் தெளிக்கும் டீசலும் சம்பில் சேரலாம். நகரத்துக்குள் சிறு ஓட்டமாக ஓடும் வண்டிக்கு டிப்ஸ்டிக் வாராவாரம் பார்க்க வேண்டிய பொருள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் மேற்கொண்டு ஓட்டாமல் ஆயிலை மாற்றுங்கள்.

ஒருமுறை இப்படி எகிறிய இன்ஜினை, நின்றதும் மறுபடி செல்ஃப் அடித்துப் பார்க்கக் கூடாது. டர்போவிலிருந்து வந்த ஆயில் இன்டர்கூலரில் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது) தேங்கி நிற்கும். டர்போவை மாற்றி அதை வடிக்காமல் விட்டால், புது டர்போவோடு அதே எகிறல் மறுபடி நடக்கும். இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்து, ஹோஸ்களைத் துடைத்து, இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கும் தட்டாமல் சுற்ற வேண்டும். வால்வு கவரைத் திறந்து புஷ் ராடு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் கிளீனர் ஹோஸைக் கழற்றிவிட்டு, இன்டேக் வாயருகே பலகையோடு ஒருவரை நிறுத்துங்கள்.